பத்ரி வழியில் பாண்டுகேஷ்வரில் தங்கலாமா, ஜோஷிமட்டே போதுமா?

கேள்வி: தென்காசிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் முதல் வாரம் ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் போகிறோம், மொத்தம் ஆறு பேர். அப்பாவுக்கு 71, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 66, முழங்கால் வலி. மற்ற நாலு பேரும் நன்றாக நடப்போம்.

ஏஜென்ட் "காலையில் ரிஷிகேஷில் கிளம்பினால் ராத்திரி பத்ரியில் சாப்பிடலாம்" என்கிறார். எங்களுக்கு அப்படி ஓட விருப்பமில்லை. தேவப்ரயாகை, திருப்பிரிதி (ஜோஷிமட் நரசிங் கோயில்), பத்ரி மூன்றையும் நிதானமாகச் சேவிக்க வேண்டும். ஜோஷிமட்டுக்கும் பத்ரிக்கும் நடுவில் அந்த அலக்நந்தா பள்ளத்தாக்கிலேயே ஒரு ராத்திரியாவது தங்கவும் ஆசை. பாண்டுகேஷ்வர் நல்ல இடம் என்று கேள்வி.

1. முதல் ராத்திரி, இரண்டாம் ராத்திரி எங்கே?
2. எந்தக் கோயிலில் படி அதிகம்? அம்மாவால் எதெல்லாம் முடியும்?
3. நடப்பவர்களுக்கு வசுதாரா அருவியா, பூக்களின் பள்ளத்தாக்கா?
4. அக்டோபரிலும் மண்சரிவு இருக்குமா?

---

பதில் 1: மலைவழி

ஏஜென்ட் சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் செய்யக்கூடாதது. ரிஷிகேஷ் முதல் பத்ரி வரை சுமார் 295 கி.மீ. வழியில் எதுவும் மறிக்காவிட்டாலே 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைவிடப் பெரிய பிரச்சினை உயரம். ரிஷிகேஷ் 400 மீட்டருக்கும் கீழே இருக்கிறது, பத்ரி 3,100 மீட்டரைத் தாண்டுகிறது. ஒரே பகலில் ஏறிப்போய் அங்கேயே படுத்தால் ராத்திரி தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரும். அடுத்த நாள் தரிசன வரிசையில் நிற்கத் தெம்பிருக்காது. எழுபது வயதுக்காரருக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

என் யோசனை:

முதல் நாள் காலை 5 மணிக்கு ரிஷிகேஷை விடுங்கள். ஏழரைக்குள் தேவப்ரயாகை. இரண்டு மணி நேரம் அங்கே. பிறகு ஸ்ரீநகர், ருத்ரப்ரயாகை, கர்ணப்ரயாகை, நந்தப்ரயாகை, சமோலி வழியாக மாலை நாலு மணிவாக்கில் பீப்பல்கோட்டி. ராத்திரி அங்கேயே படுக்கை. உயரம் சுமார் 1,250 மீட்டர், குளிர் கடுமையாக இருக்காது, ஜோஷிமட்டின் நெரிசலும் கிடையாது.

இரண்டாம் நாள் விருத்த பத்ரி, ஜோஷிமட் நரசிங் மந்திர், விஷ்ணுப்ரயாகை. மதியம் ஒரு மணிக்குள் பாண்டுகேஷ்வர். ராத்திரி அங்கே. உயரம் 1,800 மீட்டர் சொச்சம்.

மூன்றாம் நாள் காலையில் பத்ரி. பாண்டுகேஷ்வரிலிருந்து சுமார் 23 கி.மீ.தான், ஆனால் அதற்குள் 1,300 மீட்டர் ஏறிவிடுகிறீர்கள். அதனால்தான் முந்தைய இரண்டு ராத்திரிகளையும் கீழே கழிக்கச் சொல்கிறேன்.

தேவப்ரயாகையில் அம்மா விஷயம் கவனம். ரோட்டில் வண்டியை விட்டுவிட்டு படியிறங்கி, பாகீரதி மேலுள்ள தொங்குபாலத்தைத் தாண்டி, சந்துகள் வழியாக ரகுநாத்ஜி கோயிலுக்கு ஏற வேண்டும். அங்கிருந்து சங்கமத்துக்கு மறுபடி இறக்கம். திரும்பும்போது மொத்தமும் ஏற்றம். படிகள் செங்குத்து, நூறுக்கு மேல் வரும். முழங்கால் வலியுள்ளவர்கள் பெருமாளைச் சேவித்துவிட்டு அங்கேயே உட்காரட்டும், சங்கமத்துக்கு இறங்க வேண்டாம். ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து தலையில் தெளித்தால் போதும். அதுவும் முடியாதென்றால் நெடுஞ்சாலை ஓரத்திலிருந்தே சங்கமம் முழுசாகத் தெரியும்.

சங்கமப் படித்துறையில் சங்கிலி கட்டியிருப்பார்கள், அதைப் பிடிக்காமல் முங்காதீர்கள். பாகீரதி சரிவில் இரைந்துகொண்டு வரும், அலக்நந்தா சத்தமில்லாமல் வந்து சேரும். உள்ளூரில் ஒன்றை மாமியார், இன்னொன்றை மருமகள் என்பார்கள். அமைதியாகத் தெரிகிறதே என்று மருமகள் பக்கம் காலை நீட்டுபவர்கள்தான் வழுக்குகிறார்கள். கீழ்ப்படிகளில் பாசியோடு நைசான வண்டலும் படிந்திருக்கும், ஈரத்தில் சோப்பு மாதிரி.

மதியம் நடை சாத்திவிடுவார்கள். பதினொன்றுக்கு மேல் போய்ச் சேருகிற மாதிரி திட்டம் போடாதீர்கள்.

---

பதில் 2: திவ்யதேச_யாத்ரி

பெயர்க் குழப்பத்தை மட்டும் முதலில் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்க் கோஷ்டிகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

"திருக்கண்டமென்னும் கடிநகர்" என்று கேட்டால் டிரைவர் முழிப்பார். "ரகுநாத்ஜி மந்திர், தேவ்ப்ரயாக்" என்று கேளுங்கள். பெரியாழ்வார் மங்களாசாசனம் செய்த புருடோத்தமன், நீலமேகப் பெருமாள் எல்லாம் அந்த ரகுநாத்ஜிதான். கோயிலுக்குப் பின்னால் பாறையில் பிராமி எழுத்தில் பழைய யாத்ரிகர்களின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. பலரும் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள். கேட்டால் காட்டுவார்கள்.

திருப்பிரிதிக்கு "நரசிங் மந்திர், ஜோஷிமட்" என்று சொல்லுங்கள். வெறுமனே "மடம்" என்றால் சங்கர மடத்துக்கும் கல்பவிருட்சம் என்கிற பழைய முசுக்கட்டை மரத்துக்கும் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதுவும் பார்க்க வேண்டியதுதான், ஆனால் வேறு இடம், வேறு ஏற்றம். இன்னொன்று: திருமங்கையாழ்வார் பாடிய பிரிதிப் பெருமாளுக்குக் கிடந்த கோலம் என்று புத்தகங்களில் இருக்கும். ஜோஷிமட்டில் நீங்கள் சேவிப்பது அமர்ந்த நரசிம்மர், சிறிய சாளக்கிராம மூர்த்தி. தவறான கோயிலுக்கு வந்துவிட்டோமோ என்று பதற வேண்டாம், பிரிதியாக நம்மவர்கள் சேவித்து வருவது இதைத்தான். மூர்த்தியின் இடக்கை மணிக்கட்டு மெலிந்துகொண்டே வருவதாகவும், அது ஒடியும் நாளில் மலைகள் சேர்ந்து பத்ரி வழி அடைபடும், பிறகு பவிஷ்ய பத்ரியில்தான் (வருங்கால பத்ரி) சேவை என்பதும் ஐதீகம். அதே வளாகத்தில் வாசுதேவர் சந்நிதியும் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

விருத்த பத்ரி ஜோஷிமட்டுக்குச் சுமார் 7 கி.மீ. முன்னால், அனிமட் கிராமத்தில். ரோட்டிலிருந்து கீழே இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், அம்மா ஏறுவதுதான் சிரமம். ஒன்றை விட வேண்டுமென்றால் இதை விடுங்கள்.

பாண்டுகேஷ்வரிலும் கோயில் ரோட்டுக்குக் கீழே ஆற்றுப் பக்கம்தான். யோகத்யான பத்ரி, வாசுதேவர் என்று ஒட்டினாற்போல இரண்டு கற்கோயில்கள். பாண்டு மகாராஜா தவமிருந்த இடம் என்பது ஸ்தல புராணம். இந்த மலைநாட்டை முன்பு ஆண்ட கத்யூரி அரசர்களின் செப்பேடுகள் கிடைத்த ஊரும் இதுவே. பத்ரி நடை சாத்தியதும் அங்குள்ள உத்தவர், குபேரர் மூர்த்திகள் குளிர்காலத்துக்கு இங்கே எழுந்தருள்வார்கள், ஆதிசங்கரரின் பீடம் ஜோஷிமட் நரசிங் கோயிலுக்குப் போகும். அக்டோபர் முதல் வாரத்தில் அவர்கள் மேலே பத்ரியில் இருப்பார்கள். பத்ரி நடை சாத்தும் தேதியை ஒவ்வோர் ஆண்டும் விஜயதசமியன்று அறிவிக்கிறார்கள், பொதுவாக நவம்பர் மத்தியை ஒட்டி வரும். உங்கள் தேதிக்குப் பிரச்சினை இல்லை.

---

பதில் 3: கரடுமுரடு

மேலே இருவரும் பாண்டுகேஷ்வரை வசதியான ஊர் மாதிரி எழுதியிருக்கிறார்கள். பாதிதான் உண்மை.

இடம் அழகுதான், மறுக்கவில்லை. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் ஆறு, மேலே ஒரு கீற்று வானம். ஆனால் அதே காரணத்தால் அக்டோபரில் நாலு மணிக்கெல்லாம் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். குளிர் சட்டென்று இறங்கும். அறைகளில் ஹீட்டர் இருக்கும் என்று நம்பாதீர்கள். வெந்நீர் வாளிக் கணக்கில்தான். மின்சாரம் போனால் போனதுதான், பவர் பேங்க் முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

அறை எடுக்கும்போது ஆற்றுப் பக்கம் கேட்காதீர்கள். படத்தில் நன்றாக இருக்கும். ராத்திரி முழுக்க இரைச்சல் காதில் விழுந்துகொண்டிருந்தால் பெரியவர்களுக்குத் தூக்கம் வராது. ரோட்டுப் பக்கம் லாரி, பஸ் சத்தம் இருந்தாலும் இரவில் இந்த மலைப்பாதையில் போக்குவரத்தை நிறுத்திவிடுவதால் அடங்கிவிடும்.

இதை யாரும் சொல்லவில்லை: பாண்டுகேஷ்வருக்கு மேலே லாம்பகட்டில் விஷ்ணுப்ரயாகை நீர்மின் திட்டத்தின் தடுப்பணை இருக்கிறது, 400 மெகாவாட் திட்டம். மதகைத் திறந்தால் கீழே ஆறு சில நிமிஷத்தில் ஏறும். தண்ணீர் குறைவாக, பாறைகள் வெளியே தெரிகிறபோதுதான் செல்ஃபிக்காக ஆற்றுக்குள் இறங்கத் தோன்றும், ஆபத்தும் அப்போதுதான். சைரன் கேட்டால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் மேலே ஏறுங்கள். சைரன் கேட்காவிட்டாலும் ஆற்றுப் படுகையில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள்.

விஷ்ணுப்ரயாகையிலும் அப்படித்தான். தௌலிகங்கையும் அலக்நந்தாவும் மோதுகிற இடம், ஐந்து ப்ரயாகைகளில் மிகக் குறுகலானது. 2021 பிப்ரவரி 7 அன்று ரிஷிகங்கை வெள்ளம் வந்தது இந்தத் தௌலி வழியாகத்தான். இங்கே யாரும் முங்க வேண்டாம். மேலே நின்று பார்த்துவிட்டு வண்டியில் ஏறுங்கள்.

அப்பாவின் ரத்த அழுத்தத்தை வைத்துப் பார்த்தால் நான் இரண்டாம் ராத்திரியை ஜோஷிமட்டில் போடுவேன். உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அரசு ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, ஏடிஎம் எல்லாம் அங்கே. 2023 ஜனவரியில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்ட ஊர் அது என்பதால், விடுதி பிடிக்கும்போது எந்த வார்டு, பாதிக்கப்பட்ட பகுதியா என்று கேட்டுவிட்டு முன்பணம் அனுப்புங்கள்.

---

மறுகேள்வி: தென்காசிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. கரடுமுரடு ஐயா சொன்னதும் யோசனையாகிவிட்டது. இரண்டு ராத்திரியும் கீழே, மூன்றாம் ராத்திரி மட்டும் பத்ரி என்று வைத்தால் அப்பாவுக்கு ஏதாவது மாத்திரை முன்கூட்டியே வேண்டுமா? தப்த குண்டத்தில் (பத்ரி கோயிலடி வெந்நீர் ஊற்று) குளிக்கலாமா? நடைபாதை பற்றி யாரும் தொடவில்லையே!

---

பதில் 4: நடை_ராஜா

நடைபாதை என் பக்கம்.

பூக்களின் பள்ளத்தாக்கை இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள். ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும் என்பது சரி. ஆனால் பூ என்பது ஜூலை மத்தியிலிருந்து ஆகஸ்ட் வரைதான், அக்டோபரில் காய்ந்த தண்டுகளும் பழுப்பு நிறமும். கோவிந்த்காட்டிலிருந்து ஜீப்பில் புல்னா, அங்கிருந்து சுமார் 10 கி.மீ. நடந்து காங்கரியா, அடுத்த நாள் பள்ளத்தாக்கு, அதற்கடுத்த நாள் இறக்கம். உள்ளே தங்க அனுமதி கிடையாது. குறைந்தது மூன்று நாள் போய்விடும், அதுவரை பெற்றோர் கீழே காத்திருக்க வேண்டும். பக்கத்திலுள்ள சீக்கிய குருத்வாரா ஹேம்குண்ட் சாகிப்பும் அக்டோபர் 10 வாக்கில் மூடிவிடுவதால் காங்கரியா கடைகள் ஒவ்வொன்றாகக் கதவடைக்கும் நேரம் அது.

வசுதாராதான் உங்களுக்கு. பத்ரியிலிருந்து மானா 3 கி.மீ., வண்டி கிராம வாசல் வரை போகும். மானாவிலிருந்து அருவி ஒரு பக்கம் சுமார் 5 கி.மீ. போக வர ஐந்து மணி நேரம் வையுங்கள்.

பத்ரியில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு போங்கள், வந்து சேர்ந்த அன்றே வேண்டாம். காலை ஆறரைக்கு மானாவை விட வேண்டும். பாலம் போலக் கிடக்கும் பீம்புல் பாறைக்குக் கீழே சரஸ்வதி ஆறு பொங்கி வரும், அதைத் தாண்டினால் ஏற்றம் ஆரம்பம். தொடக்கத்தில் கல் பாவிய பாதை, நடக்க வசதி. இதைப் பார்த்து முழுக்க இப்படித்தான் என்று செருப்போடு போகிறவர்கள் பாதியில் திரும்புவார்கள். பின்பாதியில் பாவுகல் இல்லை, உருண்டைப் பாறைகளும் சரளையும்தான். கணுக்கால் மூடிய, அடிப்பகுதி பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். அருவிக்கு அருகில் கடைசிப் பகுதி சாரலில் நனைந்திருக்கும், காலையில் பனி உறைந்து கண்ணாடி மாதிரி இருக்கவும் வாய்ப்புண்டு. அருவியின் உயரம் சுமார் 120 மீட்டர். காற்று அடித்தால் தண்ணீர் தரையைத் தொடுவதற்குள் சிதறிப்போகும். பாவிகள் மேல் துளி விழாது என்கிற கதைக்குப் பின்னால் இருப்பது இந்தக் காற்றுதான்!

மானாவுக்கு மேல் கடை கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கடலைமிட்டாய், பேரீச்சை, ஒரு காற்றுத்தடுப்பு ஜாக்கெட். நிழலே இல்லாத பாதை, தொப்பியும் வேண்டும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பும், மேகம் இறங்கும். பதினொன்றுக்கு எங்கே இருந்தாலும் திரும்ப ஆரம்பிப்பது நல்லது.

பெற்றோருக்கு மானாவே போதும். வியாச குகை, கணேச குகைக்குப் படியேற்றம் உண்டு. பீம்புல் போகும் வழி அவ்வளவு மோசமில்லை, மெதுவாகப் போகலாம். முடியாதவர்களைக் கூடையில் சுமந்துபோகிறவர்கள் கிராமத்திலேயே கிடைப்பார்கள். கூலியைப் போக வரச் சேர்த்துப் பேசிவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

நேரம் மிஞ்சினால் பத்ரி ஊருக்கு மேலே சரண் பாதுகா (பெருமாளின் பாதச்சுவடு என்று வணங்கும் பாறை), ஒரு பக்கம் 3 கி.மீ. தூரம் குறைவுதான், ஏற்றம் குறையாது.

---

பதில் 5: மாத்திரை_டப்பா

மருந்து விஷயம். அசிட்டசோலமைடு என்கிற மாத்திரையை உயரத்துக்குப் போகும் முந்தைய நாளிலிருந்து 125 மி.கி. வீதம் இரண்டு வேளை கொடுப்பது வழக்கம். ஆனால் அப்பா விஷயத்தில் கடையில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அவர் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்து ஏற்கெனவே கலந்திருந்தால், இதுவும் சேரும்போது உப்புச்சத்து குறைந்து தலைசுற்றும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சிக்கல். மாத்திரை அட்டையோடு அவருடைய டாக்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை எந்த வேளையும் விடக்கூடாது. நாலு நாள் உபரியாக, கைப்பையில், பெரிய பெட்டியில் அல்ல.

பத்ரியில் லேசான தலைவலி மட்டும் என்றால் ஓய்வு, வெந்நீர், சூப், அதற்கு மேல் ஏற்றம் கிடையாது. தலைவலியோடு வாந்தி வந்தாலோ, நேராக நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. போலீசிடம் சொன்னால் இரவிலும் நோயாளி வண்டியை விடுவார்கள். ஒரு மணி நேரத்தில் பாண்டுகேஷ்வர், பிறகு ஜோஷிமட் ஆஸ்பத்திரி. டிரைவர் எந்த அறையில் படுக்கிறார், போன் நம்பர் என்ன என்பதை மாலையிலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள்.

தப்த குண்டம்: அப்பா குளிக்கலாம், முழுசாக முங்கி உட்கார்ந்திருக்க வேண்டாம். முதலில் காலை நனைத்து, சொம்பால் ஊற்றி, ஐந்து நிமிஷத்தில் வெளியே. சூட்டில் ரத்தக்குழாய் விரியும், மாத்திரையும் சேர்ந்து அழுத்தத்தை இறக்கும். எழுந்து நிற்கிற அந்த நொடியில்தான் மயக்கம் வரும், வெளியே குளிர்காற்று வேறு. இரண்டு பக்கமும் ஆள் நின்று கைபிடித்து ஏற்றுங்கள், துண்டும் ஸ்வெட்டரும் கையோடு தயாராக இருக்கட்டும். வெறும் வயிற்றில் வேண்டாம், ஒரு டம்ளர் பால், இரண்டு பிஸ்கட் போதும்.

---

பதில் 6: மலைவழி

கரடுமுரடு சொன்ன ஆஸ்பத்திரி வாதம் நியாயமானது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லையென்றால் இரண்டாம் ராத்திரி ஜோஷிமட், கட்டுக்குள் இருந்தால் பாண்டுகேஷ்வர். பள்ளத்தாக்கில் தங்கும் ஆசைக்கு இன்னொரு வழியும் உண்டு: போகும்போது ஜோஷிமட், பத்ரியிலிருந்து இறங்கும்போது பாண்டுகேஷ்வர். இறங்கும் ராத்திரியில் உடம்பும் லேசாக இருக்கும், யோகத்யான பத்ரியில் அவசரமும் இருக்காது. நான் இதற்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

மண்சரிவு: ஜூலை முதல் செப்டம்பர் பாதி வரைதான் மோசம். அக்டோபரில் வெகுவாகக் குறையும். ஆனால் பருவமழை தாமதமாக விலகும் வருஷங்களில் முதல் வாரத்திலும் ஒரு கனமழை வரும். மழை பெய்கிறபோது மட்டுமல்ல, நின்று வெயில் அடிக்கிறபோதும் கல் உருளும், ஊறிய மண் காயும்போது பிடி விடுவதால். ஜோஷிமட்டுக்கு முன்னால் பாகல் நாலா, மேலே லாம்பகட் இரண்டும் பழைய தொல்லைகள்.

வழி அடைபட்டால் ஜேசிபி வந்து எடுக்கும், சில மணி நேரம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். வண்டியைச் சரிவுக்கு நேர் கீழே வரிசையில் நிறுத்தாமல், பின்னால் தள்ளி, மேலே மரமுள்ள இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். மற்றவர்கள் நடந்து தாண்டுகிறார்கள் என்று நீங்களும் இறங்கக் கூடாது. ஊர் திரும்பும் ரயிலோ விமானமோ ரிஷிகேஷ் வந்த அன்றே இருக்கக் கூடாது, நடுவில் ஒரு நாள் வெறுமையாக விடுங்கள்.

யாத்திரைப் பதிவு கட்டாயம். உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் இணையதளத்தில் ஆறு பேருக்கும் செய்யலாம், கட்டணம் இல்லை. பத்ரிக்கான தேதியைச் சரியாகப் போடுங்கள். வரும் சீட்டை அச்சடித்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள், சோதனைச் சாவடியில் போனில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்க நேராது. வாடகை வண்டிக்குக் கிரீன் கார்டு (மலைப்பாதைக்கு வண்டி தகுதி என்ற சான்று), டிரிப் கார்டு (அந்தப் பயணத்துக்கான சீட்டு) இரண்டும் வேண்டும், அது வண்டிக்காரர் பொறுப்பு. முன்பணம் கொடுக்கும் முன் இரண்டும் கைவசம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

---

தென்காசிக்காரன்

இறங்கும்போது பாண்டுகேஷ்வர் என்கிற யோசனைக்கு வீட்டில் எல்லோரும் சரி சொல்லிவிட்டார்கள். வண்டி டெம்போ டிராவலரா, இன்னோவாவா?

---

கரடுமுரடு

ஆறு பேர், பெட்டிகள், முழங்கால் வலி என்றால் 12 பேர் உட்காரும் டெம்போ டிராவலர். கால் நீட்ட இடம் கிடைக்கும், நடுவில் எழுந்து நிற்கலாம். அம்மாவைப் பின்வரிசையில் உட்கார வைக்காதீர்கள், பின்சக்கரத்துக்கு மேல் குலுக்கல் அதிகம், வாந்தியும் அங்கேதான் வரும். முதல் வரிசையில் உட்கார வையுங்கள். படி உயரமாக இருக்கும், அதனால் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கி வண்டியில் போட்டுவையுங்கள்.